மருந்து அடிக்கும் முன் ஈயை ஒழுங்காகப் படம் எடுங்கள்

பாகல், பீர்க்கன் பந்தல் போட்டிருப்பவர்களும் மாந்தோப்பு வைத்திருப்பவர்களும் எனக்கு வாட்ஸ்அப்பில் ஈக்களின் படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கூடவே ஒரே கேள்வி: "சார், இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" பூச்சியியல் ஆலோசகராக நான் பெரும்பாலும் பதிலுக்குக் கேட்பது இன்னொரு படம். இழுத்தடிப்பதற்காகக் கேட்பதில்லை. முதல் படத்தை மட்டும் நம்பி மருந்து சொன்னால், பயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஈயையே கொல்லச் சொன்னதாகிவிடும்.

அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி பிடித்த தட்டைப்பயறுச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட சிறு பூச்சிகள் செடிமேல் அசையாமல் மிதந்து நிற்கும். சிலர் தேனீ என்கிறார்கள், சிலர் குளவி என்று பயப்படுகிறார்கள். அது சிர்ஃபிட் ஈ. தேனீக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டுதான். பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குமிழ் முனையோடு ஒரு சின்னக் காம்பு மட்டும் இருக்கும். பறக்கும்போது உடலைச் சமநிலையில் வைத்துக்கொள்ள அது உதவுகிறது. இறக்கையை எண்ணுகிற அளவுக்குப் படம் தெளிவாக இல்லையென்றால் தலையைப் பாருங்கள். தேனீக்கு முழங்கை மாதிரி மடங்கிய நீண்ட உணர்கொம்பு. சிர்ஃபிட் ஈக்கு அது இருக்கிறதா என்றே தேட வேண்டும், அவ்வளவு குட்டை.

அந்த ஈ பூந்தேனும் மகரந்தமும் தின்று வாழும். அசுவினியைத் தின்பது அதன் புழு. அதைத்தான் "இலையில் பச்சைப் புழு" என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் கால் இருக்காது, தனியாகத் தலை என்று எதுவும் தெரியாது, முன்பக்கம் கூம்பியிருக்கும். இலை தின்னும் புழுவுக்கு உருண்டைத் தலையும் கால்களும் தெளிவாகத் தெரியும். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தீர்களானால், அந்தக் காலில்லாத புழு ஓர் அசுவினியைக் கவ்வி இலையிலிருந்து மேலே தூக்கி, சாற்றை உறிஞ்சிவிட்டுத் தோலைக் கீழே போடும். ஒரு புழு வளர்ந்து கூட்டுப்புழுவாவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தீர்த்துவிடும். இதைக் கொல்லக் காசு கொடுத்து மருந்து வாங்குவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுப்பதில்லை.

பழ ஈ விஷயம் வேறு. அது உண்மையிலேயே எதிரி. ஆனால் எந்தப் பழ ஈ என்று தெரியாமல் பொறி வாங்கினால் பணம் வீண். மாம்பழ ஈயான பாக்டிரோசெரா டார்சாலிஸின் ஆண்கள், பொறிக்குள் வைக்கும் மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருளுக்கு வரும். பாகல், பீர்க்கன், புடலையைக் கெடுக்கும் ஈயின் ஆண்கள் அதைச் சீண்டாது, க்யூ லூர் என்ற வேறொரு கவர்ச்சிப் பொருளுக்குத்தான் வரும். பந்தலுக்குள் மெத்தில் யூஜினால் பொறியைக் கட்டிவிட்டு, பக்கத்துத் தோப்பிலிருந்து வந்த மாம்பழ ஈக்கள் நிறைய விழுவதைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. காய் அழுகுவது மட்டும் நிற்காது.

இரண்டையும் படத்தில் பிரித்துவிடலாம், முதுகு தெரிந்தால். மாம்பழ ஈயின் முதுகு பெரும்பாலும் கறுப்பு, இரு ஓரங்களிலும் மஞ்சள் கோடு. வயிற்றின் மேல் ஆங்கில எழுத்து 'டி' வடிவில் கறுப்பு அடையாளம். இறக்கையில் முன் விளிம்பை ஒட்டி மெல்லிய கருங்கோடு தவிர வேறொன்றும் பெரிதாக இருக்காது. பாகல் ஈயின் முதுகு செம்பழுப்பு. ஓரத்து இரண்டு கோடுகளோடு நடுவிலும் ஒரு மஞ்சள் கோடு ஓடும். இறக்கை நுனியில் கரும்புள்ளி, உள்ளே குறுக்கு நரம்பின்மேல் ஒரு கறை. பழைய புத்தகங்களில் இதுவும் பாக்டிரோசெரா என்றே இருக்கும், இப்போது ஸூகோடேகஸ் குகுர்பிட்டே என்கிறார்கள். அப்புறம், பொறிக்குள் விழுவது ஆண்கள். காயின்மேல் உட்கார்ந்து, வால்நுனி ஊசியாகக் கூர்ந்து தெரிந்தால் அது முட்டையிட வந்த பெண்.

முதுகு தெரிய வேண்டும் என்றால் காலையில் போங்கள். வெயில் ஏறுவதற்கு முன் ஈக்கள் மந்தமாக இருக்கும். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் மெதுவாக நெருங்குங்கள். முதலில் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துவிடுங்கள், பறந்துபோனாலும் அது கையில் இருக்கும். பிறகு மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கேமராவை ஈயின் மூக்கருகே கொண்டுபோனால் போன் குவியம் பிடிக்காது. ஒரு சாண் தள்ளி வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்கினால் நன்றாக வரும். பிளாஷ் வேண்டாம், பளபளக்கும் முதுகில் மஞ்சள் கோடுகள் வெளிறிப்போகும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, இறக்கைப் புள்ளிகளெல்லாம் குழம்பிவிடுகின்றன. டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். எந்த ஊர், எந்தப் பயிர், என்ன தேதி, ஈ எவ்வளவு நீளம் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

கூகுள் லென்ஸ் போன்றவை சொல்லும் பெயரை முதல் துப்பாக வைத்துக்கொள்ளலாம், அதோடு கடைக்குப் போகக் கூடாது. சில ஈக்களுக்குப் படத்தை வைத்து யாராலும் இனப்பெயர் சொல்ல முடியாது. சாம்பல் முதுகில் மூன்று கருங்கோடுகளும் வயிற்றில் கட்டம் கட்டமான அமைப்பும் உள்ள இறைச்சி ஈக்களில், ஆணின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பெரும்பாலும் இனம் பிரிப்பார்கள். 2015-இல் ஸ்டீபன் மார்ஷல், நீல் ஈவன்ஹூயிஸ் இருவரும் தென்னாப்பிரிக்காவில் தச்சுத்தேனீயைப் போலவே தோன்றும் ஓர் ஈக்குப் புகைப்படங்களை மட்டும் வைத்து மார்லியிமியா சைலோகோபே என்று பெயரிட்டபோது, பூச்சி கையில் இல்லாமல் புது இனம் அறிவிக்கலாமா என்று வல்லுநர்களுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. விவசாயிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை அநேகமாக வராது. தென்னிந்தியாவில் மாம்பழ ஈக்கு மிக நெருங்கிய உறவான பாக்டிரோசெரா கேரியே என்ற ஈயும் உண்டு. படத்தில் இரண்டையும் பிரிப்பது கடினம். ஆனால் அதுவும் மெத்தில் யூஜினாலுக்கே வரும் என்பதால், வாங்க வேண்டிய பொறி மாறப்போவதில்லை. அந்த இடத்தில் நான் நிறுத்திக்கொள்வேன்.

இன்னொன்று. அழுகிய பழத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் ஈதான் அதை அழுக வைத்தது என்று முடிவு கட்டாதீர்கள். செங்கண்ணோடு மொய்க்கும் பொடி ஈக்கள் பெரும்பாலும் பழம் வெடித்த பிறகு வருபவை. சந்தேகமாக இருந்தால், புழு விழுந்த காயை ஒரு டப்பாவில் ஈர மணல் பரப்பி அதன்மேல் வைத்து, வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். முற்றிய பழ ஈப் புழு உடலை வளைத்துத் துள்ளும், பார்த்தாலே தெரிந்துவிடும். மணலுக்குள் போய்க் கூட்டுப்புழுவானபின் சுமார் பத்து நாளில் ஈ வெளிவரும். வந்தவுடனே படம் எடுக்காதீர்கள், அப்போது நிறம் வெளிறியிருக்கும், கோடுகள் சரியாகத் தெரியாது. பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்து உள்ளே வைத்து, இரண்டு நாள் விடுங்கள். பிறகு டப்பாவைச் சில நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் ஈ அசையாமல் உட்காரும். முதுகையும் இறக்கையையும் அப்போது எடுத்து அனுப்புங்கள்.