ஓட்டுக் கேட்டு வந்தவர் ஒருவர், கந்தோர்க் கோவையில் கையெழுத்து வைப்பவர் இன்னொருவர்

"ஐயா தெய்வமே, நாங்கள் படும் பாடு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்" என்று தொடங்குகிறது, மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்த மனு. "இல்லையென்றால் அடுத்த எலக்சனுக்கு இந்தத் தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்" என்று முடிகிறது. நடுவில் இரண்டு பக்கம் கண்ணீர், அதற்குக் கீழே எண்பதுக்கு மேல் கையெழுத்து. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த ரோட்டு என்று எங்கேயும் இல்லை. திகதி இல்லை, போன் இலக்கமும் இல்லை. அனுப்பியிருப்பது பிரதேச செயலாளருக்கு. பிரதேச செயலாளர் அரசாங்கம் நியமித்த அதிகாரி, தன் ஆயுளில் யாரிடமும் ஓட்டுக் கேட்டவர் அல்ல.

இந்த மாதம் இப்படி வந்ததில் இது நாலாவது. எண்பது பேரிடம் கையெழுத்து வாங்க ஒருவர் லயன் லயனாக (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்) ஏறி இறங்கியிருப்பார். அந்தக் கால்வலிக்காவது ஒரு பதில் கிடைக்க வேண்டாமா? கிடைக்காது. ஏனென்றால் அந்தக் கடிதத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றுகூட இல்லை.

மந்திரிமார் மீது மக்களுக்குக் கோபம் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய்க் கிராம உத்தியோகத்தரின் மேசையில் கொட்டுவதால் யாருக்கு என்ன லாபம்? அவரை நீங்கள் தெரிவு செய்யவில்லை, உங்களால் தோற்கடிக்கவும் முடியாது. பரீட்சை எழுதி நியமனம் பெற்று வந்தவர் அவர். அடுத்த இடமாற்றம் வந்தால் வேறு பிரிவுக்குப் போய்விடுவார். "ஓட்டுக் கேட்டு வரும்போது கும்பிட்டீங்களே" என்று அவரிடம் கத்தினால், அவர் கும்பிட்ட நாளை அவரே யோசித்துப் பார்க்க வேண்டியதுதான்.

அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவித்தொகை விஷயத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. பெயர் பட்டியலில் வரவில்லை என்றால் ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) வெட்டிவிட்டார் என்றுதான் லயன் முழுக்கப் பேச்சு. தெரிவைச் செய்வது நலன்புரி நன்மைகள் சபை. 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளி போட்டுத்தான் பட்டியல் வருகிறது. ஜீ.எஸ். தன் பேனாவால் ஒரு பெயரைச் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. உங்களுக்கு இருக்கும் வழி மேன்முறையீடு. தகுதியில்லாத ஒருவர் பட்டியலில் இருக்கிறார் என்றால் அதற்கு ஆட்சேபனை. இரண்டுக்கும் கால எல்லை உண்டு. அந்த நாட்களைச் சண்டையில் கழித்துவிட்டுக் கடைசி நாள் முடிந்தபின் வந்து நிற்பவர்களைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது.

இனி, எல்லாவற்றையும்விட அதிகம் எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். "மரியாதையாகப் பேசினால் வேலை நடக்காது, அதட்டினால்தான் நடக்கும்" என்பது ஒரு தரப்பு. "காலில் விழுந்தால்தான் நடக்கும்" என்பது மறு தரப்பு. இரண்டும் ஒரே பிழை. இரண்டு பேரும் ஆளைப் பார்த்துப் பேசுகிறார்கள், பதவியைப் பார்த்துப் பேசுவதில்லை. பெரிய தொரை, சின்ன தொரை (தோட்ட நிர்வாகிகள்), கணக்கப்பிள்ளை, கங்காணி என்று தலைமுறை தலைமுறையாக ஆளின் மனநிலைதான் நமக்குச் சட்டமாக இருந்தது. தொரை நல்ல மூடில் இருந்தால் லயன் கூரைக்குத் தகரம் கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்காது. அந்தப் பழக்கத்தை அப்படியே அரசாங்கக் கந்தோருக்கும் தூக்கிக்கொண்டு போகிறோம். கந்தோரில் வேலையை நகர்த்துவது கோவை, அதாவது பைல். கோவைக்குக் கண்ணீரும் தெரியாது, கெட்ட வார்த்தையும் தெரியாது. திகதி, இலக்கம், இணைப்பு, கையெழுத்து ஆகியவைதான் அதற்குப் புரியும். அதட்டினால் அந்த நிமிடம் ஆள் பயப்படலாம். நீங்கள் வாசலைத் தாண்டியதும், உங்கள் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட அங்கே மிச்சமிருக்காது. கெஞ்சினாலும் அதே கதைதான்: "பார்ப்போம்" என்ற வாய்ச்சொல்லோடு திரும்புவீர்கள்.

போனைத் தூக்கிப் பிடித்து பேஸ்புக் லைவ் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்வது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். விவகாரம் பொலிசுக்குப் போனால் உங்கள் ரோட்டுப் பிரச்சினை மறைந்து, நீங்கள்தான் பிரச்சினை என்றாகிவிடும். வீடியோவை ஆயிரம் பேர் பார்ப்பார்கள், ரோட்டுப் பள்ளம் பள்ளமாகவே கிடக்கும்.

யாரிடம் கேட்பது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ரோட்டை எடுத்துக்கொள்வோம். ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ-7, பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை வழியாகச் செங்கலடி போகும் ஏ-5 ஆகியவையும், 'பி' என்று தொடங்கும் வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. 'சி', 'டி' வகை வீதிகள் மாகாண நிர்வாகத்துக்கு. மாகாண சபை உறுப்பினரிடம் கொடுக்கிறேன் என்று கிளம்பாதீர்கள்: மத்திய மாகாணத்தில் 2013இலும் ஊவாவில் 2014இலும் நடந்ததுதான் கடைசி மாகாண சபைத் தேர்தல். அந்தச் சபைகளின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. மாகாணத் திணைக்களத்துக்கே நேராக எழுத வேண்டும்.

தோட்டத்துக்கு உள்ளே ஓடும் பாதைதான் சிக்கல். நிலம் அரசுடையது, நீண்டகாலக் குத்தகையில் கம்பனி கையில் இருக்கிறது. "தோட்டத்துக்குள் பிரதேச சபைக் காசைப் போட முடியாது" என்று முன்பு சொன்னார்கள். இன்றும் சில இடங்களில் அதே பதில் வருகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை சேவை செய்ய வழி திறக்கப்பட்டது. பழைய பதிலைச் சொன்னால் இந்த ஆண்டையும் பிரிவையும் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். கூடவே தோட்ட நிர்வாகத்திடம் ஓர் இணக்கக் கடிதம் வாங்கி மனுவோடு இணையுங்கள். இல்லையென்றால் நிலம் யாருடையது என்ற கேள்வியிலேயே கோவை படுத்துவிடும்.

பாராளுமன்ற உறுப்பினரிடம் எதைக் கேட்பது? அவர் கொந்தராத்துக்காரரும் அல்ல, கிராம உத்தியோகத்தரின் மேலதிகாரியும் அல்ல. ஆனால் பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்பலாம், பொது மனுவைச் சமர்ப்பிக்கலாம், மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் உங்கள் விஷயத்தைப் பெயர் சொல்லிக் கிளப்பலாம். அதனால் "எங்களுக்கு ஏதாவது பண்ணுங்க" என்று கார்க் கண்ணாடி வழியாகக் காகிதத்தை நீட்டாதீர்கள். அந்தக் காகிதம் காரைவிட்டு இறங்கியதா என்பதே சந்தேகம். "இன்ன திகதியில் இன்ன அலுவலகத்துக்குக் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை, அடுத்த ஒருங்கிணைப்புக் குழுவில் கேளுங்கள்" என்று கேளுங்கள், மனுவின் பிரதியையும் கொடுங்கள். அதற்குப் பிறகு அவர் கேட்டாரா இல்லையா என்பது தெரிந்துவிடும். தேர்தல் நேரத்தில் அவரிடம் சொல்ல உங்களுக்கும் ஏதாவது இருக்கும்.

சரி, கடிதம். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மேலே திகதி, உங்கள் முழுப்பெயர், முகவரி, போன் இலக்கம். பெறுபவரைப் பதவிப் பெயரால் குறிப்பிடுங்கள்: "பிரதேச செயலாளர் அவர்கள்", "செயலாளர், பிரதேச சபை". ஆள் மாறினாலும் பதவி மாறாது. அமைச்சர், பாராளுமன்ற உறுப்பினர், சபைத் தவிசாளர் ஆகியோருக்கு முன்னால் "கௌரவ".  "தெய்வமே", "திருவடிகளுக்கு" இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விளித்தல் "ஐயா" அல்லது "அம்மணி". பெறுபவர் யாரென்று தெரியாவிட்டால் "ஐயா / அம்மணி".

அடுத்து விடயம், ஒரே வரியில். இடத்தின் பெயரில்தான் பலர் சறுக்குகிறார்கள். தோட்டத்துக்கு நாம் கூப்பிடும் தமிழ்ப் பெயர் ஒன்று, கச்சேரிக் (மாவட்டச் செயலகம்) கோவையில் உள்ள ஆங்கிலப் பெயர் இன்னொன்று. இரண்டையும் எழுதுங்கள். டிவிசன், லயன் இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும் வேண்டும். உதாரணத்துக்கு, "கீழ்ப்பிரிவில் பிரதான வீதியிலிருந்து 5ஆம் இலக்க லயன் வரையான பாதையில் உடைந்த மதகைத் திருத்தித் தருதல்". இந்த வரியைப் படித்த எழுதுவினைஞருக்குக் கடிதத்தை எந்தக் கிளைக்கு அனுப்புவது என்று உடனே தெரிந்துவிடும்.

உடலில் மூன்று விஷயம் போதும். மதகு எப்போது இடிந்தது, பாதை எத்தனை மீற்றர். எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைகள், நோயாளியை எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. கடைசியாக, நீங்கள் கேட்பது. "ஆவன செய்யுமாறு" என்று எழுதினால், "ஆவன செய்யப்படும்" என்றுதான் பதில் வரும். "தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பி இடத்தைப் பார்வையிட்டு, மதிப்பீடு தயாரித்து, வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்குமாறு" என்று எழுதுங்கள். அதற்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டம் ஆண்டுக் கடைசியில் சபைக்கு வரும். செப்டெம்பருக்குள் மனு போய்ச் சேர வேண்டும். ஜனவரியில் வந்து கேட்டால் காசு ஏற்கெனவே பிரித்தாகிவிட்டிருக்கும். கையெழுத்து எண்பது இருப்பது நல்லதுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கம் இருக்கட்டும். ஒரே கையெழுத்தில் இருபது பெயர் எழுதும் கெட்டிக்காரத்தனம் மேசையில் வைத்த உடனேயே தெரிந்துவிடும்.

தமிழிலேயே எழுதுங்கள். "சிங்களத்தில் எழுதினால்தான் எடுப்பார்கள்" என்று பணம் கொடுத்து எழுதுவித்து, தன் மனுவில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. அவசரமான வேலை என்றால் சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றைப் பின்னால் இணைப்பதில் தப்பில்லை. மூலப்பிரதி தமிழில் இருக்கட்டும்.

பதிவுத் தபாலில் அனுப்பினால் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொடுத்தால் இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை கேட்பது மரியாதைக் குறைவு என்று கூச்சப்பட வேண்டாம்.

கவுண்டரில் பேசும்போது "சேர்", "மிஸ்", "ஐயா" எதுவும் சரி. வயதில் சின்னவர் என்பதற்காகப் பெண் உத்தியோகத்தரை "ஏ புள்ள" என்று கூப்பிடாதீர்கள். அதேபோல, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. கதிரை இருந்தால் உட்காருங்கள். உத்தியோகத்தர் உங்களை "நீ, வா, போ" என்று பேசினால் (பேசுகிறார்கள், தோட்டத்து ஆட்களிடம் மட்டும் பேசுகிறார்கள், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்) திருப்பித் திட்டாமல் பெயர், பதவி, திகதி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத் தலைவருக்கு எழுத அது போதும்.

பதில் வராவிட்டால் ஒரு மாதம் பொறுத்து நினைவூட்டல். அதற்கும் மௌனம் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். "என் மனுவுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? சென்ற ஆண்டு இந்த வட்டாரப் பாதைகளுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது?" என்று அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மேசையைத் தட்டிக் கிடைக்காத பதில் இந்த ஒரு பக்கக் காகிதத்துக்குக் கிடைத்துவிடுவதுண்டு.

கோபத்தை வாக்குச்சீட்டில் எழுதுகிறவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். திட்டி எழுதிய சீட்டு நிராகரித்த சீட்டுகளோடு கட்டப்பட்டுப் போகும், திட்டு வாங்கியவர் அதைப் பார்க்கவே மாட்டார். பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்குப் புள்ளடி (X), பிறகு விருப்பு வாக்கு அதிகபட்சம் 3. நாலாவது இலக்கத்தையும் வெட்டினால் கட்சி வாக்கு மட்டும் எண்ணப்படும், விருப்பு வாக்கு எதுவும் எண்ணப்படாது. உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடி, விருப்பு வாக்கே கிடையாது. தெரிவானவரை இடையில் திருப்பி அழைக்க நம் நாட்டில் சட்டம் இல்லை. அதனால் அடுத்த தேர்தல் வரை அவரிடம் கேள்வி கேட்க உங்கள் கையில் இருக்கப்போவது முத்திரை குத்திய அந்தப் பிரதிதான். லயன் அறையில் ஈரம் ஏறும், பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பதில் கடிதம் வந்தால் அதன் மேலே இடது பக்கத்தில் "எனது இல." என்று ஓர் இலக்கம் இருக்கும். அடுத்து நீங்கள் எழுதும்போது அதை "உமது இல." என்று முதல் வரியில் போட மறக்காதீர்கள்.