பட்டினி போட்டால்தான் கோழி திரும்ப முட்டையிடுமா?

மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் மொட்டை மாடியில் கூண்டு வைத்து முட்டைக்கோழி வளர்க்கும் வீடுகள் நிறைய. கோழிக்கு ஒன்றரை வயது தாண்டி முட்டை குறைந்ததும் என்னிடம் வரும் கேள்வி: “டாக்டர், பத்து நாள் தீனி போடாம விட்டா இறகு உதிர்ந்து திரும்ப முட்டை போடுமாமே?”

போடும். ஆனால் அதற்குப் பட்டினி வேண்டாம்.

கோழிக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டை ஊடுருவியும் மூளையின் ஹைப்போதலாமஸை எட்டுகிறது. அது தூண்டினால்தான் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரந்து, சினைப்பையில் மஞ்சள் கரு முதிரும். வெளிச்சமோ தீனியின் சத்தோ சட்டென்று குறைந்தால் இந்தச் சுரப்பும் விழும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் குறையும். பாதி வளர்ந்த மஞ்சள் கருக்களை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். முட்டைக்குழாய் சுருங்கும், பழைய இறகைத் தள்ளிக்கொண்டு புது இறகு முளைக்கும். ஓடு சுரக்கும் பகுதியில் சேர்ந்த கொழுப்பு கரைவதும் இந்த ஓய்வில்தான். அடுத்த சுற்றில் ஓடு கெட்டியாக வருவது அதனால்தான்.

முழுப் பட்டினியில் இதோடு வேறு சிலவும் நடக்கும். கார்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோன் ஏறி எதிர்ப்புசக்தி இறங்கும், குடலில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி பெருகி முட்டை வரைக்கும் போகலாம். தீனி கொடுக்காமல் பட்டினி போடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

சரி, என்ன செய்வது? முதலில் பல்பை அணையுங்கள். நம் குமரி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். பல்பு போட்டு 16 மணி நேர வெளிச்சம் கொடுத்து வந்திருந்தால், அணைத்ததுமே நாலு மணி நேரம் குறைந்துவிடும். லேயர் தீனிக்கு (முட்டைக்கோழித் தீனிக்கு) பதில் தவிடு அதிகமுள்ள கலவையும் கிளிஞ்சல் தூளும் கொடுங்கள். தண்ணீரை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. தராசில் நிறுத்துப் பாருங்கள், எடை கால் பங்குக்கு மேல் இறங்க விடாதீர்கள். நோஞ்சான் கோழிக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

புது இறகு முளைக்கும்போது புரதம் தாராளமாக வேண்டும், இறகே பெரும்பாலும் புரதம்தான். குளச்சல் கருவாட்டுத் தூள் நல்லதுதான், உப்புக் கருவாடாக இருந்தால் மட்டும் ஆகாது. அப்புறம் பழைய தீனி, பல்பு இரண்டையும் படிப்படியாகத் திருப்பிக் கொண்டுவரலாம்.

இடையில் ஒருநாள் சிறகை விரித்துப் பாருங்கள். நுனிப்பக்கம் பத்துப் பெரிய இறகுகள் இருக்கும், நடுவிலிருந்து நுனியை நோக்கி உதிரும். நன்றாக முட்டையிடும் கோழி ஒரே சமயத்தில் இரண்டு மூன்றை உதிர்த்துவிடும். ஒவ்வொன்றாக உதிர்த்து மாதக்கணக்கில் இழுக்கும் கோழியைக் கிறிஸ்துமஸ் குழம்புக்கு ஒதுக்கிவிடலாம், அதற்குப் போடும் தீனி வீண்.