துருத்தி நிற்கும் கம்பியை வெட்டாதீர்கள்

மாரிவெள்ளம் ஒரு பாலத்தைச் சாய்த்தால் மூன்றாம் நாளே கேள்வி வந்துவிடும்: "வெள்ளம் வடிஞ்சிட்டுது. மேலே நிண்ட கம்பியையும் பழைய இரும்புக்காரர் வெட்டிக்கொண்டு போயிட்டினம். இனிப் படகு விட்டால் என்ன?"

பதில் சொல்லி அலுத்துவிட்டது. அந்தக் கம்பிதான் அங்கே நின்ற ஒரே எச்சரிக்கை. நீர்மட்டத்தோடு வெட்டியவர் தடையை அகற்றவில்லை, மறைத்துவிட்டார். அதன் கீழே கொங்கிரீட் துண்டும் அதிலிருந்து நாலாபக்கமும் நீட்டிய கம்பியும் அப்படியே கிடக்கின்றன. படகின் அடியைக் கிழிப்பதும் எஞ்சின் விசிறியை உடைப்பதும் அவைதான்.

2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்ட்டிமோரில் டாலி என்ற கப்பல் மோதிப் பாலம் விழுந்தது. முதலில் 11 அடி ஆழத் தற்காலிக வழி, பிறகு 14 அடி, ஏப்ரல் 25இல் 35 அடி. சிக்கிய கப்பலை மே 20இல் இழுத்தெடுத்தார்கள். ஆனால் 700 அடி அகலமும் 50 அடி ஆழமுமான முழுப்பாதை ஜூன் 10இல்தான் திறந்தது. கப்பல் போன பிறகும் மூன்று கிழமை எதற்கு? சேற்றுக்குள் புதைந்த இரும்புக்கு! பெரிய கப்பலின் அடிக்கும் தரைக்கும் இடைவெளி கொஞ்சம்தான். பின்னர் ஆழப்படுத்தும்போதும் அந்த இரும்பு இயந்திரத்தில் மாட்டும். அகற்றிய இடிபாடு ஏறத்தாழ 50,000 தொன்.

முல்லைத்தீவுக் களப்புகளான நந்திக்கடலும் நாயாறும் சிறிய நீர்தான். ஆனால் இங்கே வேறொரு சிக்கல். கடலுக்கு வழிவிட மணல்திட்டை வெட்டி முகத்துவாரம் திறந்தால் நீர்மட்டம் விறுவிறென்று இறங்கும். வெள்ளத்தில் ஆறடி இருந்த இடம் மாசியில் எவ்வளவு இருக்கும்? ஆகவே நிற்கிற தூணொன்றில் மட்டக்கோடு கீறி, ஆழத்தை அதை வைத்தே கணக்கிடுங்கள். மீன் தேடும் கருவியை நம்பவேண்டாம். ஆறடி ஆழத்தில் அதன் 20 பாகை ஒலிக்கதிர் பார்ப்பது இரண்டடி வட்டம்தான். பக்கத்தில் நிற்கும் கம்பி அதற்குத் தெரியாது.

கயிறு இழுத்துப் பாருங்கள். இரண்டு படகுக்கு நடுவே ஈயக்குண்டு கட்டிய கயிறு, விசிறியின் அடியைவிட இரண்டடி கூடுதல் ஆழத்தில், மிக மெதுவாக. மாட்டினால் பலங்கொண்டு இழுக்காமல் எஞ்சினை நிறுத்துங்கள். அந்த இடத்தில் மிதவை போடுங்கள். பிறகு குறுக்கேயும் ஒருமுறை இழுங்கள். நீரோட்டப் போக்கில் படுத்த கம்பி முதல் இழுப்பில் தப்பிவிடும். வழி தெளிந்த பிறகு இருபுறமும் மிதவை வேண்டும்: கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு இடக்கை, பச்சை வலக்கை. (அமெரிக்காவில் இது மாறி இருக்கும்.)

முறுகி நிற்கும் இரும்பை வெட்டும் வேலை உங்களுடையதல்ல. அறுபட்ட கணத்தில் அது வில்போலத் தெறிக்கும்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்பது. இது 2009இல் போர் முடிந்த நீர். சேற்றில் கையில் தட்டுப்படுவதெல்லாம் பாலத்து இரும்பல்ல, வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம். அடையாளம் தெரியாத உலோகத்தைத் தூக்காதீர்கள், கரைக்குக் கொண்டுவராதீர்கள், பிள்ளைகளை அருகே விடாதீர்கள். இடத்தைக் குறித்துவிட்டுப் பொலிசாரை 119இல் அழையுங்கள். அவர்கள் வரும்வரை வலை காயட்டும்.