கையெழுத்து கெட்டுப்போனால் கல்லீரலையும் பாருங்கள்

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பத்தாம் வகுப்பு படிக்கும் மகனை என்னிடம் அழைத்து வந்த தாய், அவனுடைய பழைய நோட்டு ஒன்றையும் புதிய நோட்டு ஒன்றையும் கையோடு கொண்டு வந்திருந்தார். பழையதில் எழுத்துகள் வரிசை பிசகாமல் நின்றன. புதியதில் கோட்டை விட்டு இறங்கிக் கிறுக்கலாகியிருந்தன. பேச்சு குழறியது. நான் நீட்டிய தம்ளரை உதட்டருகே கொண்டு செல்வதற்குள் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டிவிட்டது. பள்ளியில் சோம்பேறி என்ற வசவிலும், வீட்டில் தாயத்து, மந்திரிப்பிலுமாக எட்டு மாதங்கள் போயிருந்தன.

பெற்றோர் தாய்மாமனும் அக்காள் மகளும் என்பதையும், ஒன்பது வயதில் பையனுக்கு வந்த மஞ்சள் காமாலை கீழாநெல்லியில் ‘இறங்கிவிட்டது’ என்பதையும் நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். கை நடுக்கத்தோடு பழைய காமாலையை யார் சேர்த்துப் பார்க்கப் போகிறார்கள்?

வில்சன் நோயில் இரண்டுக்கும் வேர் ஒன்றே. நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் 1912-இல் விரிவாக எழுதிய இந்நோய், ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு வருவதாகக் கணக்கு. மிகுதியான தாமிரத்தைப் பித்தநீர் வழியே வெளியேற்ற உதவும் மரபணு பழுதாவதால், தாமிரம் முதலில் கல்லீரலிலும் பிறகு மூளையிலும் தேங்குகிறது. தாய், தந்தை இருவருமே அந்தப் பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் பெண் எடுப்பதைப் பெருமையாகக் கருதும் நம் தருமபுரிப் பக்கம் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல.

கண் மருத்துவர், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தபோது கருவிழியின் ஓரத்தில் தாமிரம் படிந்த பழுப்புப் பொன்னிற வளையம் தெரிந்தது. இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் குறைந்தும், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம் கூடியும் இருந்ததால் ஐயம் நீங்கியது.

உடல் அசைவைக் குலைக்கும் பரம்பரை நோய்களில் மருந்துக்குக் கட்டுப்படுபவை மிகச் சிலவே. இது அவற்றுள் ஒன்று. பெனிசிலமின் தாமிரத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். துத்தநாகம் அதைக் குடலிலேயே தடுக்கும். ஆனால் பெனிசிலமின் தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்கு நடுக்கம் கூடும். முன்பே எச்சரித்திருந்தும், இக்குடும்பம் மூன்றாம் வாரமே மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நின்றது. மருந்தை மாற்றித் தரலாம், அளவைக் குறைக்கலாம். ஆயுள் முழுதும் தொடர வேண்டிய சிகிச்சையைத் தாமாக நிறுத்துவது கல்லீரலையே செயலிழக்கச் செய்துவிடக்கூடும். ஈரல், நண்டு, முந்திரி, காளான் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொன்னேன். உடம்புக்கு நல்லதென்று யாரோ சொல்லி அவர்கள் புதிதாக வாங்கியிருந்த செப்புக் குடத்தையும் எடுத்து வைக்கச் சொன்னேன்.

உடன்பிறந்த தங்கைக்கு அப்போது பதினொரு வயது. ஒரு குறையும் இல்லாத பெண்ணுக்கு எதற்குப் பரிசோதனை என்று பாட்டி கோபித்துக்கொண்டார். முடிவு அவளுக்கும் நோய் இருப்பதைக் காட்டியது, துத்தநாகம் தொடங்கினோம். வரும்போதெல்லாம் அவளை ஒரு தாளில் பெயரெழுதச் சொல்வேன். இரண்டு ஆண்டுகளாக அந்த எழுத்து மாறவில்லை.