மகன் கட்டாரில் இருந்து அனுப்பிய உப்பு

"மனே, இதை ஒருக்காப் பாருங்க" என்று போனை நீட்டினார் கிரானில் இருந்து என் கிளினிக்குக்கு வரும் அம்மா. கட்டாரில் இருக்கிற மகன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: பொட்டாசியம் கலந்த உப்புக்கு மாறினால் பாரிசவாதம் வராது, பிறஷர் குளிசையும் தேவையில்லை.

வழக்கமாக இப்படிச் செய்திகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் இதில் உண்மையான ஒரு ஆய்வு ஒளிந்திருந்தது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை ஐந்து வருடங்கள் வரை கவனித்தார்கள். 2021இல் முடிவு வந்தது. எல்லோரும் ஏற்கெனவே பாரிசவாதம் வந்தவர்கள், அல்லது பிறஷர் கட்டுப்படாத, 60 வயது தாண்டியவர்கள். பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்பு. மீதிக்கு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைட் கலந்த உப்பு. அந்த உப்பைச் சாப்பிட்டவர்களிடம் பாரிசவாதம் 14 வீதம் குறைந்தது.

14 வீதம் என்றால் என்ன? ஆயிரம் பேரில் வருடத்துக்கு 34 பேருக்கு வந்த இடத்தில் 29 பேருக்கு வந்தது. உப்பை மாத்திரம் மாற்றி இவ்வளவு கிடைப்பது பெரிய காரியம். ஆனாலும் அந்த 29 பேருக்கு வரத்தான் செய்தது. அதோடு, அந்த உப்பைச் சாப்பிட்டவர்களில் பெரும்பாலானோர் பிறஷர் குளிசையையும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் விடுபட்டுப்போன இன்னொரு விஷயம்தான் எனக்குப் பயம் தந்தது. கடுமையான சிறுநீரக வருத்தம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது அது இருந்தாலும் அந்த வீட்டை விட்டுவிட்டார்கள். ஒரே சட்டியில்தானே எல்லோருக்கும் கறி!

பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது தளர்ந்தால் பொட்டாசியம் இரத்தத்தில் ஏறும். ஏறுவது வெளியே தெரியாது; சில வேளை இதயத் துடிப்பு தடம் மாறும்போதுதான் தெரியவரும். லோசார்ட்டன் போன்ற பிறஷர் குளிசைகளும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் கூட்டும். (இளநீரிலும் பொட்டாசியம் இருப்பதால், இப்படியானவர்களுக்கு அதையும் அளவோடுதான் சொல்வேன்.) உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் ஆகியோரை விலக்கியே சொன்னது. சிறுநீரக வருத்தம் தெஹியத்தகண்டி வரை பரவிக் கிடக்கிற எங்கள் பக்கத்தில் இந்த விலக்கைச் சிறிய எழுத்தில் போட முடியாது.

அம்மாவின் கிளினிக் கொப்பியைத் திருப்பினேன். லோசார்ட்டன் போடுகிறார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியேட்டினினின் போன மாத அளவைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தேன்.

"அம்மா, இந்த உப்பு உங்களுக்குச் சரிவராது. இருக்கிற உப்பைத்தான் குறைக்கோணும்."

"நான் கிள்ளித்தான் மனே போடுறது."

மேசையில் ஒரு சிறு போத்தல் உப்பும் தேக்கரண்டியும் எப்போதும் வைத்திருப்பேன். ஒரு நேரக் கறிக்குப் போடுவதைக் கையில் எடுக்கச் சொன்னேன். கிள்ளவில்லை, அள்ளினார். அளந்தால் இரண்டு கரண்டி. வீட்டில் மூன்று பேர். ஒருவருக்கு நாள் முழுவதற்கும் ஒரு கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் நிற்க வேண்டும். காலைச் சம்பலையும் மத்தியானக் கருவாட்டையும் நாங்கள் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

"அப்ப கருவாட்டை விடுறதா?"

"விட வேணாம். எப்பவாவது ஒருக்காச் சாப்பிடுங்க. ஊறவைச்சு, அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுச் சமையுங்க. கறிக்கு வேற உப்புப் போட வேணாம்."

முகத்தைச் சுளித்தார். அவருடைய போனிலேயே மகனுக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன்: "தம்பி, அம்மாட சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம். அந்த உப்பை அனுப்பாதீங்க."

அடுத்த நோயாளி உட்காருவதற்குள் பதில் வந்துவிட்டது. "டொக்டர், நேற்றே பார்சல் போட்டாச்சு. ரெண்டு கிலோ."