பதிவுப் புத்தகத்தில் 1580, பானெட்டுக்குள் 1905

சென்ற ஆண்டு வசந்த காலத்தில் ஒரு பெஜோ 205 ஜிடிஐ, டைமிங் பெல்ட் மாற்றுவதற்காக லண்டனில் உள்ள என் கேரேஜுக்கு வந்தது. 1989-ஆம் ஆண்டு வண்டி, சிவப்பு நிறம். கொண்டுவந்த தம்பி பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே சாலைக்கு வந்துவிட்ட வண்டி. முதல் சம்பளத்திலிருந்து சேர்த்து வைத்த பணத்தில் வாங்கியிருந்தார். அதன் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

உதிரிபாகம் வாங்குமுன் எஞ்சின் எண்ணைப் பார்ப்பது என் வழக்கம். பிளாக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் 'டி6பி' என்று பொறித்திருந்தது. அது 1.9 லிட்டர், அதாவது 1905 சிசி எஞ்சினின் குறியீடு. பதிவுப் புத்தகத்திலோ 1580 சிசி என்று இருந்தது. பின்சக்கரங்களைப் பார்த்தேன். 1.6 லிட்டர் மாடலுக்கே உரிய டிரம் பிரேக்குகள் அப்படியே இருந்தன. 1.9 மாடலுக்குத் தொழிற்சாலை பின்னாலும் டிஸ்க் பிரேக் கொடுத்திருந்தது. ஆக, 115 குதிரைத்திறன் வண்டியின் உடம்பில் 130 குதிரைத்திறன் எஞ்சினை யாரோ ஒருவர் எப்போதோ பொருத்தியிருக்கிறார். இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள் என்பதால் பானெட்டைத் திறந்து பார்த்தாலும் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

"நான் எதையும் மாற்றவில்லையே, அண்ணா. வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்கிறேன்" என்றார் தம்பி.

"இன்சூரன்ஸ் எடுக்கும்போது வண்டியில் மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டார்களா?"

"கேட்டார்கள். இல்லை என்று பதில் கொடுத்தேன்."

அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. என் தொழிலில் நான் பார்த்தவரை, காப்பீட்டு நிறுவனத்தை ஏமாற்ற வேண்டும் என்றே மறைப்பவர்கள் குறைவு. தங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் ஓட்டுபவர்கள்தான் அதிகம். பழைய ஹாட் ஹேட்ச் வண்டிகளில் இது இன்னும் அதிகம். குடும்பத்துக்கான சின்ன வண்டியில் வலுவான எஞ்சினை வைத்து, 1976-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயும் 1984-இல் இந்த 205 ஜிடிஐயும் வந்த நாளிலிருந்தே, வாங்கியவர்கள் அவற்றை இன்னும் வேகமாக்கிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்கள். முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஏழெட்டு கை மாறிய வண்டி, அத்தனை பேரின் ஆசைகளையும் சுமந்துகொண்டு வருகிறது. ரசீதுகள் மட்டும் வழியிலேயே தொலைந்துவிடுகின்றன.

அரசாங்கச் சோதனையில் இது பிடிபடாதா என்று பலர் கேட்கிறார்கள். பிடிபடாது. ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையில் பிரேக், டயர், புகை, துரு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். எஞ்சின் எத்தனை சிசி என்று அளப்பதில்லை. சாலை வரியும் காட்டிக்கொடுக்காது. 2001 மார்ச்சுக்கு முன் பதிவான கார்களுக்கு 1549 சிசி வரை ஒரு கட்டணம், அதற்கு மேல் இன்னொரு கட்டணம். 1580-உம் 1905-உம் ஒரே படியில் விழுகின்றன. அதனால்தான் இந்த வண்டியின் எஞ்சின் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் விபத்துக்குப் பிறகு வரும் சேத மதிப்பீட்டாளர் பானெட்டைத் திறப்பார், எண்ணைப் படிப்பார்.

அப்போது என்ன நடக்கும் என்பதில் பயமுறுத்தும் கதைகளும் உலவுகின்றன, அசட்டையான கதைகளும் உலவுகின்றன. பழைய சட்டத்தில், கேட்காவிட்டாலும் எல்லாவற்றையும் வலியச் சொல்ல வேண்டிய பொறுப்பு காப்பீடு எடுப்பவருடையது. 2012-இல் இயற்றப்பட்டு 2013 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் அதை மாற்றியது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். அப்படிச் சொல்லியும் தவறு நேர்ந்திருந்தால், நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்தாக வேண்டும். கவனக்குறைவால் தவறு என்றால், கட்டிய பிரீமியத்துக்கு ஏற்ற விகிதத்தில் இழப்பீட்டைக் குறைக்கலாம். 900 பவுண்டு கட்டியிருக்க வேண்டியவர் 600 கட்டியிருந்தால், 6,000 பவுண்டு சேதத்துக்கு 4,000தான் கிடைக்கும். உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று நிறுவனம் காட்டிவிட்டால், பிரீமியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இழப்பீட்டை மறுக்கலாம். வேண்டுமென்றே மறைத்திருந்தால் பிரீமியமும் பொதுவாகத் திரும்பாது.

எதிர்த்தரப்பினர் கதை வேறு. நீங்கள் மோதி ஒருவருக்குக் காயம் பட்டால், 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி நிறுவனம் அவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிறகு அந்தத் தொகையை உங்களிடமிருந்து வசூலிக்க முயலலாம். ஒரு முதுகெலும்புக் காயத்துக்கான இழப்பீட்டுத் தொகையை எண்ணிப் பாருங்கள். வண்டி போனதைவிடப் பெரிய இடி அதுதான்.

இந்தத் தம்பியின் நிலைக்கு வருகிறேன். அதுவரை அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நான் சொன்ன கணத்திலிருந்து தெரியும். அடுத்த புதுப்பித்தலில் அதே கேள்விக்கு அதே 'இல்லை'யைக் கொடுத்தால், அது கவனக்குறைவு அல்ல, வேண்டுமென்றே மறைப்பது. இதனால்தான் மெக்கானிக்குகள் சிலர் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள், வாடிக்கையாளர் மனம் நோகுமே என்று. நானும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டிக்குப் பெரிய எஞ்சினைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் சாவியைக் கையில் கொடுத்திருக்கிறேன். நல்லவேளையாக அந்த வண்டிக்கு எதுவும் ஆகவில்லை. ஆனாலும் அன்று நான் செய்தது அரைவேலை என்றே இன்றும் நினைக்கிறேன்.

எஞ்சின் மாற்றத்தைப் பார்த்தால் நான் முதலில் கவலைப்படுவது, அதோடு சேர்ந்து மாறாத பொருள்களைப் பற்றித்தான். 205-இல் பலரும் விரும்பிப் பொருத்துவது பெஜோ 405 எம்ஐ16 வண்டியின் 16 வால்வு எஞ்சின். சுமார் 160 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கும் குறைவான வண்டியில் அது பெரிய பலம். வளைவில் வேகமாகத் திரும்பும்போது, எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பில் எண்ணெய் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, பேரிங் போய்விடும் குறை அந்த எஞ்சினுக்கு உண்டு. தடுப்புத் தகடு வைத்த சம்ப் போடாமல் யாரும் அதைப் பொருத்தக் கூடாது. பின் அச்சின் ஊசி பேரிங்குகள் தேய்ந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் பலத்தைக் கூட்டுவது ஆபத்து. பிரேக் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். இதில் பலர் தவறுவது எங்கே என்றால், பெரிய பிரேக் போட்டதைச் சொல்ல வேண்டியதில்லை, அது பாதுகாப்புக்குத்தானே என்று எண்ணிவிடுவதில். அதுவும் மாற்றம்தான். அதையும் சொல்ல வேண்டும்.

கண்ணுக்கே தெரியாதது ரீமேப், அதாவது எஞ்சினை இயக்கும் மென்பொருளை மாற்றுவது. 1.8 டர்போ எஞ்சின் வைத்த நான்காம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயில் 150 குதிரைத்திறன், மென்பொருளை மட்டும் மாற்றினால் 190 அளவுக்குப் போகும். ஒரு திருகாணிகூட இடம் மாறியிருக்காது. பழைய டர்போ வண்டி வாங்குபவர்கள், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவில் என்ன மென்பொருள் இருக்கிறது என்று தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடம் எப்படிச் சொல்வது? விலை ஒப்பிடும் இணையதளங்களில், 'வண்டி மாற்றப்படவில்லை' என்பதை நமக்காக அவர்களே அனுமானித்துக்கொண்ட பக்கமும் சில நேரம் வரும். அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். எஞ்சின் மாறிய வண்டிக்கு, மாற்றிய வண்டிகளுக்கென்றே பாலிசி கொடுக்கும் புரோக்கரைத் தொலைபேசியில் அழைப்பதே நல்லது. 'சில மாற்றங்கள்' என்று பொதுவாகச் சொல்லாமல், எஞ்சின் குறியீடு, சிசி, திறன், பிரேக், சஸ்பென்ஷன், சக்கரம், எக்ஸாஸ்ட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். நடுவில் மாற்றினால் தெரிவிக்க வேண்டும் என்று பெரும்பாலான பாலிசிகளின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. மாற்றிய பாகங்களுக்கும் ஈடு உண்டா, அல்லது தொழிற்சாலைப் பாகங்களின் விலைதானா என்பதையும் கேட்டுவிடுங்கள். நல்ல 205 ஜிடிஐ இன்று 10,000 பவுண்டைத் தாண்டி விற்கிறது. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி எடுத்தால், பின்னர் விலையைப் பற்றிச் சண்டை வராது. நிறுவனத்தின் முடிவு அநியாயம் என்று பட்டால் நிதிச் சேவை குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் போக வேண்டும்.

அந்தத் தம்பிக்கு எஞ்சின் எண்ணையும் கொள்ளளவையும் எழுதி, என் கேரேஜ் முத்திரையோடு ஒரு கடிதம் கொடுத்தேன். அவர் அதைப் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து, வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு அனுப்பினார். பழைய நிறுவனம் தொடர மறுத்துவிட்டது. ஒரு புரோக்கர் மூலம் வேறு பாலிசி கிடைத்தது, பிரீமியம் கூடத்தான். பின்பக்கம் டிஸ்க் பிரேக் போட வண்டி மறுபடி வந்தபோது, முன் இருக்கைப் பெட்டியைத் திறந்து புதிய பதிவுப் புத்தகத்தைக் காட்டினார். 1905 என்று அச்சாகியிருந்தது. புதிய பிரேக்கைப் பற்றி அன்று காலையிலேயே புரோக்கரிடம் சொல்லிவிட்டாராம்.