டேப்பட் சத்தத்தை அடக்கச் சொல்லாதீர்கள்

"அண்ணே, டேப்பட் சத்தம் போடுது, கொஞ்சம் இறுக்கி விடுங்க." மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தும் எனக்குப் பழைய கப்சாய்க்காரர்கள் (சின்ன மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள்) அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. (பெஸ்தாரி ஜெயா என்று ஊர்ப் பெயர் மாறிவிட்டது, தோட்டத்து ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.) டேப்பட் என்றால் எஞ்சினின் வால்வை (பெட்ரோல் கலவையை உள்ளே விட்டு, புகையை வெளியே விடும் கதவு) அமுக்கித் திறக்கும் திருகு. சத்தம் நின்றால் எஞ்சின் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். எனக்கோ லேசாக டிக் டிக் என்று கேட்கும் வால்வு பெரிய கவலை இல்லை. ஓடி ஓடித் தேய்ந்த எஞ்சினில் திடீரென்று வாயை மூடிக்கொண்ட வால்வுதான் கவலை.

நம் பக்கம் அதிகம் ஓடும் ஹோண்டா ஈஎக்ஸ்5 எஞ்சினில், ராக்கர் ஆமில் (வால்வை அமுக்கும் நெம்புகோல்) உள்ள டேப்பட் திருகின் நுனிக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் நடுவே 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இன்டேக் (கலவை உள்ளே வருவது), எக்ஸாஸ்ட் (புகை வெளியே போவது) இரண்டு வால்வுக்கும் அதே அளவுதான். சாதாரணத் தாளின் கனத்தில் பாதி. இந்த இடைவெளி இருந்தால்தான் வால்வு முழுதாக மூடி சீட்டில் (வால்வு பொருந்தும் வளையம்) உட்காரும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை அப்படி உட்காரும் நேரத்தில்தான் சீட் வழியாக எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கடத்துகிறது. இன்டேக் வால்வைக் குளிர்விக்கப் புதுப் பெட்ரோல் கலவையாவது உள்ளே வருகிறது, எக்ஸாஸ்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இடைவெளி இல்லாமல் இறுக்கிவிட்டால் அது சரியாக மூடாது, எரியும் வாயு ஓரத்தில் பீறிக்கொண்டு போகும், கடைசியில் வால்வு விளிம்பு எரிந்துவிடும். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகத் தகராறு, ஐடிலில் அணைந்து போவது, கிக்கரை மிதித்தால் காலுக்குப் பலமே தெரியாமல் இறங்குவது எல்லாம் இதன் அறிகுறிகள். இடைவெளி கூடினால் சத்தமும் தேய்மானமும் வரும், இழுவையும் கொஞ்சம் குறையும். ஆனால் வால்வு எரியாது.

இடைவெளி தானாகக் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். ராக்கரை ஆட்டும் கேமும் ராக்கரும் தேய்ந்தால் கூடும். வால்வு முகமும் சீட்டும் தேய்ந்தால் வால்வு உள்ளே அமுங்கி, தண்டு மேலே ஏறி, இடைவெளி குறையும். இந்த இரண்டாவதில் சத்தம் வராது என்பதால்தான் யாரும் கவனிப்பதில்லை.

பழைய எஞ்சினில் இன்னொரு ஏமாற்று வேலை உண்டு. டேப்பட் திருகின் நுனி அடிபட்டு அடிபட்டுக் குழி விழுந்திருக்கும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தட்டைத் தகடு குழிக்குள் இறங்காமல் அதன் விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். அளவு 0.05 என்று காட்டும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். சரியாக வைத்தும் சத்தம் போகவில்லையே என்று இன்னும் ஒரு திருகு திருகுவார்கள். அங்கேதான் வினை. அந்தத் திருகைப் புதிதாக மாற்றிவிட்டால் போதும், பெரிய காசு ஆகாது. சிலர் ஃபீலர் கேஜ் இல்லாமல் சவர பிளேடை வைத்து அளக்கிறார்கள். பிளேடின் கனம் 0.10. இரண்டு மடங்கு!

அப்புறம், மேலே கேட்கும் சத்தமெல்லாம் டேப்பட் சத்தமும் இல்லை. எக்ஸாஸ்ட் பைப் கேஸ்கெட் லீக்கானாலும் டிக் டிக்தான். கரகர என்று கேட்டால் கேமைச் சுற்றும் டைமிங் செயினைப் பாருங்கள்.

செய்யும் முறை ஒன்றும் ரகசியம் இல்லை. எஞ்சின் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆறியிருக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்திலிருந்து நேரே வந்து "அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக் கொடுங்கண்ணே" என்றால் நடக்காது. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் காற்றே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, பிளைவீலைக் கையால் சுற்றி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறியைக் கோட்டுக்கு நேராக நிறுத்த வேண்டும். இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லையென்றால் பிஸ்டன் மேலே இருந்தாலும் அது இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் இல்லை, இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். தகடு இழுக்கும்போது கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்தால் அளவு சரி. திருகைப் பூட்டும் லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றி இடைவெளியைத் தின்றுவிடும். அதனால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு இறுக்கி, எஞ்சினை இரண்டு சுற்று சுற்றி, மறுபடி அளக்க வேண்டும். இந்த மறு அளவைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள்.

மோட்டாரைச் சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையில் விட்டுவிட்டு, ஞாயிறு காலை வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டறையானாலும் சரி, திருகைத் தொடுவதற்கு முன் இடைவெளி எவ்வளவு இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் எக்ஸாஸ்ட் பக்கம் குறைந்துகொண்டே வந்தால், அடுத்த முறை டேப்பட் வைக்கச் சொல்லாதீர்கள், ஹெட்டைத் திறந்து வால்வையும் சீட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.